உடனுக்குடன் வணிகத்துக்காக நெட்வொர்க்கை மேம்படுத்திய பின் எழும் கோளாறுகள்: கடிகாரத்தை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

பகலெல்லாம் கிளைகளில் சேர்ந்த ஆர்டர்களை இரவில் மொத்தமாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, விடிவதற்குள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்ட காலத்தில், நெட்வொர்க் பத்து நொடி தூங்கி எழுந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. கவுன்டரில் பில் போட்ட கணமே கிடங்கு இருப்பில் ஒன்று குறைய வேண்டும், வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பும் அதே கேபிளில் வர வேண்டும் என்று அதே நிறுவனம் முடிவு செய்துவிட்டால், அந்தப் பத்து நொடி கவுன்டருக்கு முன்னால் நிற்கும் ஆட்களின் வரிசையாக மாறிவிடுகிறது. புதிய ஸ்விட்சுகளும் பல மடங்கு வேகமான லைனும் வந்த பிறகுதான் “முன்னைவிட மெதுவாக இருக்கிறது” என்ற புகார் வரத் தொடங்குகிறது என்றால், அதில் வியப்பில்லை. கோளாறுகளில் பாதி முன்பே இருந்தவை. அவற்றைக் கவனிக்க இப்போதுதான் ஆள் வந்திருக்கிறது.

“மெதுவாக” என்ற சொல்லை ஓர் எண்ணாக மாற்றுவதே முதல் வேலை. இயங்குதளத்திலும் ஸ்விட்சிலும் ஃபயர்வாலிலும் தயாரிப்பாளர்கள் வைத்துவிட்ட காத்திருப்பு நேரங்கள் பல உண்டு. யாரும் மாற்றாத வரை அவை அப்படியே இருக்கும். எனவே தாமதம் 200 மில்லி நொடியா, 5 நொடியா, 30 நொடியா, ஒரு மணி நேர ஓய்வுக்குப் பிறகா என்று தெரிந்தால், பல நேரங்களில் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்பே காரணத்தை ஊகித்துவிடலாம். கீழே உள்ள அறிகுறிகளை அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

புகார் சொன்னவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளவும்: எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, ஒவ்வொரு முறையுமா முதல் முறை மட்டுமா, ஒருவருக்கா அந்தக் கிளைக்கே வருகிறதா, கேபிளிலா வயர்லெஸ்ஸிலா. பிறகு அந்தக் கிளையிலிருந்து சர்வருக்குப் பிங் நேரத்தை (ஒரு சிறு சோதனைச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை), ஆள் இல்லாத காலையில் ஒரு முறையும் வேலை மும்முரமான நேரத்தில் ஒரு முறையும் அளந்து வைக்கவும். இந்த இரண்டு எண்களும் இல்லாமல் தொடங்கும் எந்த ஆய்வும் விவாதமாகத்தான் முடியும்.

இயற்பியல் போட்ட எல்லையையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னையும் மும்பையும் நேர்கோட்டிலேயே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், போய்த் திரும்பும் நேரம் எந்த லைன் வாங்கினாலும் 10 மில்லி நொடிக்குக் கீழே வராது. கேபிள் சுற்றிச் செல்லும் தூரத்தைச் சேர்த்தால் நடைமுறையில் இன்னும் கூடும். அதைக் குறைக்கச் சொல்லி இணைப்பு வழங்கும் நிறுவனத்துடன் சண்டையிடுவது வீண்.

“பிங் நன்றாக வருகிறது, கோப்பு மட்டும் ஊர்கிறது”

இது பெரும்பாலும் டூப்ளெக்ஸ் பொருந்தாமை. முழு டூப்ளெக்ஸ் என்றால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், அரை என்றால் ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டுமே. பழைய சர்வர் அல்லது ஆலை இயந்திரத்தின் போர்ட்டை யாரோ என்றோ 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் என்று நிலையாக அமைத்திருப்பார்கள். புதிய ஸ்விட்சின் போர்ட் ஆட்டோ நெகோஷியேஷனில், அதாவது எதிர்ப்பக்கத்தோடு பேசி இவற்றை முடிவு செய்யும் அமைப்பில், இருக்கும். எதிர்ப்பக்கம் பேசாததால் ஸ்விட்ச் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, டூப்ளெக்ஸை அரை என்று வைத்துக்கொள்ளும். பிங் ஒவ்வொன்றாகப் போய் வருவதால் மோதல் நேராது. இருபுறமும் ஒரே நேரத்தில் பேசும் கோப்பு நகலில்தான் அடிதடி தொடங்கும். அரை டூப்ளெக்ஸ் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) எண்ணிக்கையும், முழு டூப்ளெக்ஸ் பக்கத்தில் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த தரவு) ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். இருபுறத்தையும் ஆட்டோவில் வைக்கவும். செம்புக் கேபிளில் கிகாபிட் வேகத்துக்கு அது எப்படியும் கட்டாயம்.

இருபுறமும் ஆட்டோவில் இருந்தும் லிங்க் 100 மெகாபிட்டிலேயே நின்றால் கேபிளைச் சோதிக்கவும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும் என்பதால், பத்து ஆண்டுகளாக ஒரு ஜோடி அறுந்தே கிடந்த கேபிள்கூட இதுவரை குற்றமற்றதாகத் தோன்றியிருக்கும்.

“பேச்சு உடைகிறது, ஆனால் வரைபடம் 30 சதவீதம்தான் காட்டுகிறது”

நிறுவனங்களில் அதிக நாட்களைத் தின்பது இந்த அறிகுறிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கணக்கை முதலில் போட்டுவிடலாம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்பு நொடிக்கு 50 பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட்டு, தலைப்புகள் 40 பைட்டு, ஈதர்நெட்டின் பங்கு 18 பைட்டு. ஆக ஒரு திசைக்கு 87 கிலோபிட்டுக்குச் சற்று மேல். 20 அழைப்புகள் சேர்ந்தாலும் 2 மெகாபிட்டைத் தொடாது. 20 மெகாபிட் லைனில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அப்படியும் பேச்சு உடைகிறது என்றால், போதாமை சராசரியில் இல்லை, கணத்தில் இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையை எடுத்துச் சராசரி போடுகிறது. லைன் ஒரு முழு நொடி நிரம்பி வழிந்தாலும் 300 நொடிச் சராசரியில் அது 0.33 சதவீதமாகக் கரைந்துவிடும். அந்த ஒரு நொடியில் 50 குரல் பாக்கெட்டுகள் இருந்தன என்பதைக் கேட்டவர் காது மட்டுமே அறியும்.

இனி, லைன் நிரம்பும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவும். கிளையிலிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே பிங் ஓட விடவும். 12 மில்லி நொடியாக இருந்த நேரம் 400 ஆக உயர்ந்தால், எங்கோ ஒரு கருவியின் நினைவகத்தில் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் காத்திருக்கின்றன. நேரம் உயராமல் பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போனால், வரிசையே இல்லாத ஓர் இடத்தில் அளவுக்கு மீறியவற்றைக் கத்தரித்து எறிகிறார்கள்.

இரண்டாவது வகை, மேம்படுத்திய பின் மிகவும் பரவலாக வருவது. இணைப்பு வழங்கும் நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குத் தரும் போர்ட் 1 கிகாபிட். ஒப்பந்தம் 20 மெகாபிட். ரவுட்டரின் கண்ணுக்குத் தெரிவது கிகாபிட் சாலை மட்டுமே என்பதால், நெரிசல் என்ற ஒன்று அதன் அறிவுக்கு எட்டாது. நெரிசல் இல்லாதபோது, யாரை முதலில் அனுப்புவது என்று பார்க்கும் க்யூஓஎஸ் வரிசைகளுக்கும் வேலை இல்லை. நீங்கள் அமைத்த முன்னுரிமை அட்டவணை அழகாக உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் உள்ள போலீசர் என்ற வேகக் கட்டுப்பாடு 20 மெகாபிட்டுக்கு மேற்பட்டதைக் குரல் என்றும் கோப்பு என்றும் பார்க்காமல் வெட்டும். தீர்வு, உங்கள் ரவுட்டரிலேயே ஒப்பந்த வேகத்துக்குச் சற்றுக் கீழாக, 19 மெகாபிட் என்பது போல, ஷேப்பிங் (மீறியவற்றை வெட்டாமல் வரிசையில் காக்கவைத்து அனுப்புவது) அமைப்பதும், அந்த ஷேப்பருக்கு உள்ளேதான் குரலுக்கான முன்னுரிமை வரிசையை வைப்பதும் ஆகும். நெரிசலை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால் யாரை முதலில் அனுப்புவது என்பதை நாமே தீர்மானிக்கலாம். தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்கு வரும் திசைக்கும் இதே போல், கிளைவாரியாக, தலைமை அலுவலக ரவுட்டரில் செய்ய வேண்டும். ஒரு திசையை மட்டும் சரிசெய்துவிட்டு “அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை” என்ற அடுத்த புகாரைப் பலர் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகும் உடைந்தால், பாக்கெட்டின் மேல் குத்திய முன்னுரிமை முத்திரை போய்ச் சேருகிறதா என்று இரு முனைகளிலும், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்க்கவும். டிஎஸ்சிபி மதிப்பு எனப்படும் அந்த முத்திரை குரல் பாக்கெட்டில் 46 ஆக இருக்க வேண்டும். மேசைத் தொலைபேசி 46 என்று குத்தி அனுப்பினாலும், வரும் முத்திரையை நம்பும்படி அமைக்கப்படாத புதிய ஸ்விட்ச் போர்ட் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடுவது உண்டு. கணினியில் ஓடும் தொலைபேசி மென்பொருள் முத்திரை குத்தாமலேயே அனுப்புவதும் உண்டு. குரலுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. அதைக் காப்பாற்றுவதற்காக வீடியோ, விற்பனை மென்பொருள், மேலதிகாரியின் மடிக்கணினி என ஒவ்வொன்றாக முன்னுரிமை வரிசையில் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும். எல்லோருக்கும் சிறப்பு தரிசனச் சீட்டு கொடுத்த கோயிலில் தர்ம தரிசனம்தான் மிஞ்சும்.

“முதல் முறை 5 நொடி, பிறகு சரியாகிவிடுகிறது”

பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பார்க்கவும். மேம்படுத்தும்போது பழைய டிஎன்எஸ் சர்வரை அணைத்திருப்பீர்கள். சில லினக்ஸ் சர்வர்களின் பட்டியலில் அதன் முகவரி இன்னும் முதலிடத்தில் இருக்கும். லினக்ஸ் முதலாவதிடம் 5 நொடி காத்திருந்த பிறகே இரண்டாவதைக் கேட்கும். முகவரியை நீக்கினால் போதும்.

“லைன் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் திரை திறக்க 10 நொடி ஆகிறது”

சர்வரைப் பக்கத்து அறையிலிருந்து தொலைதூர டேட்டா சென்டருக்கு மாற்றிய பின் இது வந்தால், விற்பனை மென்பொருள் ஒரு திரைக்கு எத்தனை முறை சர்வரைக் கேட்கிறது என்று எண்ணவும். 400 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் மென்பொருளுக்கு, அரை மில்லி நொடித் தொலைவில் சர்வர் இருந்தபோது மொத்தக் காத்திருப்பு 0.2 நொடி, 25 மில்லி நொடித் தொலைவுக்குப் போனதும் அதுவே 10 நொடி. இதற்கு லைனின் வேகத்தைக் கூட்டுவது, பத்து முறை கடைக்கு ஓடுகிறவருக்கு அகலமான சாலை போட்டுத் தருவதற்குச் சமம். கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும்படி மென்பொருளை மாற்ற வேண்டும்; முடியாவிட்டால் மென்பொருளைச் சர்வருக்கு அருகிலேயே ஓட விட்டுத் திரையை மட்டும் கிளைக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும்.

வயர்ஷார்க்கில் சரியாக 40 அல்லது 200 மில்லி நொடி இடைவெளி திரும்பத் திரும்பத் தெரிந்தால் கதை வேறு. சிறு துண்டுகளை அனுப்பாமல் முந்தையதற்கு ஒப்புதல் வரும்வரை சேர்த்துவைக்கும் நேகிள் முறை 1984இல் வந்தது. ஒப்புதலை உடனே அனுப்பாமல் சற்றுத் தாமதிக்கும் வழக்கம் எதிர்முனையில் இருக்கிறது. “நீ முதலில்” என்று இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் அந்த இடைவெளி. லினக்ஸில் பொதுவாக 40, பழைய விண்டோஸ் பதிப்புகளில் 200. ஒரு செய்தியை இரண்டு மூன்று சிறு துண்டுகளாக எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் மென்பொருளில்தான் இது வரும். துண்டுகளை ஒரே எழுத்தாக அனுப்பவோ, அந்த இணைப்பில் நேகிளை அணைக்கவோ மென்பொருள் எழுதியவரிடம் சொல்லவும்.

“மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பில் மட்டும் தொங்கிவிடுகிறது”

காலையில் திறந்த இணைப்பைத் தரவுத்தளத்துடன் நாள் முழுவதும் வைத்துக்கொள்ளும் மென்பொருள்களில் இது நிகழும். கிளைக்கும் சர்வருக்கும் இடையே புதிதாக ஒரு ஃபயர்வாலை வைத்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் பேச்சில்லாத டிசிபி இணைப்பைப் பல ஃபயர்வால்கள் சொல்லாமல் கொள்ளாமல் தம் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் செய்தியை லினக்ஸும் விண்டோஸும் இயல்பாக இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே அனுப்பும், அதுவும் மென்பொருள் கேட்டிருந்தால்தான். இந்த ஒரு மணி நேரத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் மதிய இடைவேளை விழுகிறது. அனுப்பியதற்குப் பதில் வராத நிலையில் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் ஆகலாம். அதற்குள் ஊழியர் கணினியையே அணைத்துப் போட்டிருப்பார், அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுவதால் காரணமும் மறைந்துவிடும். சர்வரில் கீப்அலைவ் நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்து, மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளவும். ஃபயர்வாலின் காலக்கெடுவை எல்லையில்லாமல் நீட்டும் குறுக்குவழியை நான் ஏற்பதில்லை. செத்த இணைப்புகள் சேர்ந்து பட்டியல் நிரம்பும் நாள் வந்தே தீரும்.

“நேரலைத் திரை நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது”

ஓர் ஆலையில் உற்பத்தி எண்ணிக்கையைக் காட்டும் பெரிய திரைகள், ஸ்விட்சுகளை மாற்றிய மறுநாளிலிருந்து இப்படி நின்றன. திரை மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். திரை விற்றவர்கள் ஸ்விட்சையும், ஸ்விட்ச் வைத்தவர்கள் திரையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தோடு திரைக்கு முன் நின்றேன். ஒரு முறை 4 நிமிடம் 19 நொடி, அடுத்த முறை 4 நிமிடம் 21 நொடி. 260 நொடி என்ற எண் வந்தபின் தேட வேண்டியது ஒன்றுமில்லை.

ஒரே ஓட்டத்தைப் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்டைக் கேட்க விரும்பும் இந்தத் திரை போன்ற கருவி, ஐஜிஎம்பி என்ற நெறிமுறை வழியாக ஒரு முறை பெயர் கொடுக்கிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச் அதைக் கவனித்து, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஓட்டத்தை அனுப்புகிறது. பெயரைப் புதுப்பிக்க யாராவது 125 நொடிக்கு ஒரு முறை “இன்னும் யார் கேட்கிறீர்கள்?” என்று வினவ வேண்டும். இரு வினவலுக்கான நேரமும் பதிலுக்கான 10 நொடியும் சேர்ந்து 260 நொடிக்குள் புதுப்பிப்பு வராவிட்டால் பெயர் அடிபடும். பழைய ஸ்விட்சில் ஸ்னூப்பிங்கே இல்லாததால் எல்லாப் போர்ட்டிலும் ஓட்டம் வழிந்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் குறையில்லை. புதியதில் ஸ்னூப்பிங் தானாகவே இயங்கியது, ஆனால் அந்த விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) வினவுவதற்கு ஆள் இல்லை. மையச் ஸ்விட்சில், அந்த விலானுக்கு ஓர் ஐபி முகவரி கொடுத்து, வினவும் வேலையைச் செய்யும் ஐஜிஎம்பி குவெரியரை இயக்கினால் தீர்ந்தது. ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் திரை ஓடும். கூடவே அந்த விலானில் உள்ள ஒவ்வொரு அச்சுப்பொறியும் ஸ்கேனரும் தனக்குத் தேவையில்லாத ஓட்டத்தைச் சுமக்கும்.

“அலுவலகமே அரை நிமிடம் நின்று, தானாக எழுகிறது”

30 நொடி என்றாலும் 50 நொடி என்றாலும், ஸ்விட்சுகளுக்கு இடையே வளையம் உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயைச் சந்தேகிக்கவும். பழைய 802.1டி முறையில் ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி காத்திருக்கும்; தொலைவில் ஏற்பட்ட துண்டிப்பை உணர அதற்கு முன் 20 நொடி வரை ஆகலாம். முதலில் ரூட் பிரிட்ஜ், அதாவது அந்த மரத்துக்கு வேராக இருக்கும் ஸ்விட்ச், எது என்று பார்க்கவும். யாரும் முன்னுரிமையை மாற்றாவிட்டால் எல்லா ஸ்விட்சுக்கும் அது 32768. சமமானால் மேக் முகவரி (தயாரிப்பாளர் கருவிக்குத் தந்த அடையாள எண்) சிறியதாக உள்ளது வெல்லும். பெரும்பாலும் பழைய கருவிக்கே சிறிய முகவரி இருக்கும். இலட்சங்கள் கொடுத்து வாங்கிய மையச் ஸ்விட்சை விட்டுவிட்டு, கணக்குப் பிரிவின் அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் எட்டுப் போர்ட் பெட்டி நிறுவனம் முழுவதற்கும் வேராக இருப்பதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். மையச் ஸ்விட்சின் முன்னுரிமையை 4096 ஆக்கவும், எல்லா ஸ்விட்சிலும் விரைவு முறையான 802.1டபிள்யூவை இயக்கவும், கணினிகள் சேரும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட்டுகளாக அறிவித்து அவற்றில் யாராவது ஸ்விட்சைச் செருகினால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியூ கார்டையும் வைக்கவும். விளிம்பு என்று அறிவிக்காத போர்ட்டில் கணினியை இயக்கும்போது, டிஹெச்சிபி சர்வர் தானாகத் தரும் முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்பதும் இதன் கிளைக் கோளாறுதான்.

“உள்நுழைய முடிகிறது, அறிக்கை மட்டும் வருவதில்லை”

சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை போகவில்லை. கிளை இணைப்பு ஐபிசெக் சுரங்கத்துக்கு (மறையாக்கிய இணைப்புக்கு) மாறியிருந்தால், கூடுதல் தலைப்புகளால் 1500 பைட்டுப் பாக்கெட்டுக்கு இடமில்லாமல் போகும். இடையில் உள்ள ரவுட்டர் “சிறிதாக்கி அனுப்பு” என்று ஐசிஎம்பி எனும் அறிவிப்புச் செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் யாரோ தடுத்திருப்பார்கள். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட்டுப் பிங் அனுப்பவும். 28 பைட்டுத் தலைப்போடு அது 1500 ஆகும். போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வரவும். 1372 போனால் பாதையின் அளவு 1400. ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (தலைப்புகள் நீங்கலாக ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை) 1360 ஆக அமைக்கவும். அந்த ஐசிஎம்பி வகையையும் திறந்துவிடவும்.

“கிடங்கில் நடந்துகொண்டே ஸ்கேன் செய்தால் அறுந்துவிடுகிறது”

கைஸ்கேனர் தான் கடந்து வந்துவிட்ட அக்சஸ் பாயின்ட்டை (வயர்லெஸ் சிக்னல் தரும் பெட்டியை) விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது. இருக்கும் சிக்னலை ஸ்கேனர் பயன்படும் எல்லா இடைவழிகளிலும், இரும்பு அடுக்குகளில் சரக்கு நிரம்பியிருக்கும்போது அளக்கவும். மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளவும். அக்சஸ் பாயின்ட்டின் சக்தியை உச்சத்தில் வைப்பது நிலைமையை மோசமாக்கும், ஏனெனில் அது கத்துவது ஸ்கேனருக்குக் கேட்கும், சிறிய மின்கலம் கொண்ட ஸ்கேனர் பேசுவது அதற்குக் கேட்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம்.

எதிலும் பொருந்தாதபோது

இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடிக்க வேண்டிவரும். அதற்கு முன் இரு கணினிகளின் கடிகாரத்தையும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்துவிடவும். இல்லையென்றால் ஆர்டர் வருவதற்கு முன்பே அதற்குப் பதில் போனதாக இரு பதிவுகளும் சாட்சி சொல்லும். பிடித்த பிறகு கிளை அனுப்பிய பாக்கெட்டுகளில் எத்தனை தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பார்க்கவும். வந்து சேர்ந்து பதில்தான் தாமதம் என்றால் கோப்பைச் சர்வர் பிரிவிடம் கொடுக்கவும். வழியில் காணாமல் போயிருந்தால், தேதி, நேரம், இரு முனை முகவரிகள், அனுப்பியது எத்தனை, சேர்ந்தது எத்தனை, அந்தக் கணத்தில் உங்கள் ஷேப்பர் காட்டிய வேகம் ஆகியவற்றோடு இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கு எழுதவும். “லைன் மெதுவாக இருக்கிறது” என்று எழுதினால், “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது” என்ற பதில் அரை மணியில் வந்துவிடும்.